பெயர் போடாத பதினோரு வரிகள்

அவள் ஊருக்கு ஒரு பார்சல் அனுப்பிக்கொண்டிருந்தாள். சுவிஸின் லோசானில் படித்துக்கொண்டிருந்த நாங்கள் இரண்டு பேரும் பகிர்ந்து வாடகைக்கு இருந்த வீட்டின் சமையலறை மேசை. மடிகணினிக்குப் பக்கத்தில் தாயாருக்கென்று வாங்கிய கம்பளிக் காலுறையும் நான்கு கட்டிச் சொக்கலேற்றும். இணையத்தில் முகவரி நிரப்பிக்கொண்டு வந்தவளுக்கு நாடு என்ற கட்டம் வந்ததும் விரல் நேரே சி வரிசைக்குப் போனது. சீனாவுக்குக் கீழே, சீனாவின் மாகாணம் என்ற ஒட்டுடன், அவளுடைய தீவு இருந்தது. சொடுக்கிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டாள்.

"தைவானை டி வரிசையில தேட மாட்டியோ?" என்று கேட்டேன்.

"முந்தித் தேடுவன். இப்ப எந்தப் படிவத்தில எங்க கிடக்கும் எண்டு விரலுக்கே தெரியும்."

பாஸ்தா கொதித்து அடுப்பில் வழிந்ததை அவள்தான் எழும்பி அணைத்தாள். நான் அசையவில்லை. தைவான் தன் தலைவரைத் தானே தேர்ந்தெடுக்கிற இடம். அதற்கென்று காசு, படை, கடவுச்சீட்டு எல்லாம் உண்டு. இன்றைக்குச் சீனாவை ஆளுகிற அரசு அந்தத் தீவை ஒரு நாள்கூட ஆண்டதில்லை. என்றாலும் அது தன்னுடையது என்கிறது. அந்த அரசு லோசானில் ஒரு சமையலறையில் இருக்கிற பெண்ணின் விரல் எந்த எழுத்துக்குப் போகவேண்டும் என்றுகூடப் பழக்கி வைத்திருக்கிறது. என்னென்ன செய்து பார்த்துப் பழக்கியிருக்கும்? மாஸ்டர் ஆய்வுக்குத் தலைப்பில்லாமல் ஆறு கிழமையாகத் திரிந்துகொண்டிருந்த எனக்கு அந்தக் கேள்வி காய்ச்சல் மாதிரி வந்தது. அன்று பின்னேரமே நூலகத்திலிருந்து ஏழு புத்தகம் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அவளும் நானும் பிரெஞ்சில்தான் கதைப்போம். இங்கே அவள் யாழ்ப்பாணத் தமிழில் கதைக்கிறாள். எனக்கு வேறு மாதிரி எழுத வராது.

சமையலறைச் சுவரில் ஒரு நீளக் கடதாசி ஒட்டினேன். சீன அரசு தீவோடு இளகிய காலத்துக்கு மஞ்சள் துண்டு, இறுகிய காலத்துக்கு நீலத் துண்டு. முதலில் குண்டு போட்டார்கள். பிறகு, உடன்பிறப்புகளே வாருங்கள் என்று கடிதம் எழுதினார்கள். நேரடி விமானம் விட்டார்கள், உல்லாசப் பயணிகளை அனுப்பினார்கள், பழம் வாங்கினார்கள். தீவில் தங்களுக்குப் பிடிக்காத கட்சி வென்றதும் பயணிகளை நிறுத்தினார்கள், போர் விமானங்களைச் சுற்றவிட்டார்கள், அன்னாசியில் பூச்சி இருக்கிறது என்று திருப்பினார்கள்.

"ஒரே அன்னாசிதான்," என்றாள் அவள், தேத்தண்ணிக் கோப்பையோடு சுவரைப் பார்த்துக்கொண்டு. "பூச்சி மட்டும் ஆர் வெண்டது எண்டு பாத்து வரும்."

"அதை நான் எழுதலாமோ?"

"நீ என்னோட சமைக்கிறேல்ல. பேட்டி எடுக்கிறாய்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டு குறித்துக்கொண்டேன்.

அவளுடைய அப்பா சீனாவில் இருந்தார். இளகிய காலத்தில் தீவிலிருந்து போய் அங்கே ஒரு தொழிற்சாலை தொடங்கியவர். என்ன தொழிற்சாலை என்பதை இங்கே மாற்றித்தான் சொல்லப்போகிறேன். சைக்கிள் இருக்கை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நகரத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவரைப் பற்றி இந்தப் பக்கங்களில் வருவதில் முக்கால்வாசி இப்படி மாற்றியதுதான். அன்றைக்கு இந்தப் புத்தி இருந்திருந்தால் இதை எழுதவே வேண்டி வந்திராது.

அங்குள்ள அதிகாரிகள் அவரைக் கூப்பிட்டு நிலம் குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். தீவுக்காரரைக் கவனிக்கிறதற்கென்றே அந்த நகரத்தில் ஓர் அலுவலகம் உண்டு. அங்கேயிருந்து வருடப்பிறப்புக்கு விருந்துக்கு அழைப்பார்கள். போய்வருவதற்கு ஒரு அனுமதி அட்டை கொடுத்திருந்தார்கள். அலுவலக விருந்தில் அவர் கோப்பையைத் தூக்கி, நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம் என்பாராம். தேர்தல் வந்தால் சத்தமில்லாமல் தீவுக்குப் பறந்து, சீன அரசுக்கு ஆகவே ஆகாத கட்சிக்கு வாக்குப் போட்டுவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடுவாராம்.

"அம்மா கேப்பா, வெக்கமில்லையோ எண்டு," என்று வெங்காயம் வெட்டிக்கொண்டு சொன்னாள். "அப்பா சொல்லுவார், வாய் அங்க சாப்பிடுது, கை இங்க வாக்குப் போடுது, ரெண்டும் என்ரதானே எண்டு."

அவள் அப்பாவைப் போலவே குரலைக் கரகரப்பாக்கிச் செய்து காட்டினாள். எனக்கு அந்த மனிதரை நேரில் பார்த்த மாதிரி இருந்தது. ஆய்வின் மையக் கருத்தும் அந்த வெங்காயத்துக்குப் பக்கத்தில்தான் கிடைத்தது. மஞ்சளும் நீலமும் மாறிமாறி வருவதில்லை. இளகிய காலத்தில் யார் யார் கையை நீட்டினார்கள் என்று அட்டையில் பதிவாகிறது. இறுகிய காலத்தில் அந்தப் பதிவை வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள். இரண்டு வேலையையும் செய்வது ஒரே அலுவலகம். அவர் கோப்பையைத் தூக்கிய அதே அலுவலகம்.

"அப்பாவைப் பற்றி எழுதட்டோ?"

கொஞ்சம் யோசித்தாள். "எழுது. பேர் போடாதை. குடுக்க முதல் எனக்குக் காட்டு."

ஓம் என்றேன்.

இங்கே எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் சுவிஸின் பீல் நகரத்தில் பிறந்து வளர்ந்தவள். அம்மா அங்கே ஒரு தொழிற்சாலையில் கடிகாரத்துக்கு முள் பூட்டுகிறா. அப்பா பஸ் டிப்போவில் வேலை. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே அகதியாக வந்தபோது முதல் விசாரணையில் ஒரு சம்பவம் செவ்வாய் நடந்தது என்றும் அடுத்த விசாரணையில் வியாழன் என்றும் சொல்லிவிட்டார். அந்த இரண்டு நாள் வித்தியாசத்தில் விண்ணப்பம் தள்ளுபடியானது. மேன்முறையீட்டில் எத்தனை சோதனைச்சாவடி, பஸ் என்ன நிறம், கிணறு வீட்டுக்கு எந்தப் பக்கம் என்று ஒன்று விடாமல் சொல்லித்தான் இருக்க இடம் கிடைத்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தக் கதையும் சும்மா சொல்ல முடியாது. பள்ளியால் பிந்தி வந்தால் அப்பா கேட்பார்: எத்தினை மணி, எந்த ஸ்டொப், ஆர் கூட நிண்டது? தம்பி ஒருநாள், "அப்பா, நான் விண்ணப்பம் போடேல்ல, பசிக்குது," என்றான். அப்பா சிரித்துவிட்டு மறுபடியும் கேட்டார், எந்த ஸ்டொப் என்று.

நுணுக்கமாகச் சொன்னால்தான் நம்புவார்கள். இது எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. சோற்றோடு உள்ளே போனது.

ஒப்படைக்கிறதற்கு ஒரு கிழமை இருக்கும்போது என் பேராசிரியர் கூப்பிட்டார். நன்றாக இருக்கிறது, ஆனால் இந்தத் தொழிற்சாலைக்காரர் மங்கலாக நிற்கிறார், இப்படி ஒருவர் உண்மையில் இருக்கிறார் என்று வாசிப்பவர் எப்படி நம்புவது என்றார். எனக்கு என்ன செய்யவேண்டும் என்று உடனே தெரிந்துவிட்டது. ஒரே பின்னேரத்தில் பதினோரு வரி சேர்த்தேன். கரையோர நகரம் எது, என்ன பொருள் செய்கிறார், எந்த வருடம் தொடங்கினார், தொழிற்சாலை வாசலில் என்ன இருக்கிறது, விருந்தில் என்ன சொன்னார், எத்தனை தேர்தலுக்குப் பறந்து போனார். பெயர் போடவில்லை. அதில் மிகவும் கவனமாக இருந்தேன்.

எங்கள் அப்பா நுணுக்கமாகச் சொன்னது தன்னைப் பற்றி, அதுவும் தப்பி வெளியே வந்த பிறகு. நான் சொன்னது இன்னொருவரைப் பற்றி, அவர் உள்ளே இருக்கும்போதே. இவ்வளவு பெரிய வித்தியாசம் என் கண்ணில் படவில்லை.

அவளுக்குக் காட்டவும் இல்லை. அவளுக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது, குழப்பக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். ஏதாவது ஒரு வரியை வெட்டு என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். அந்த வரிகள் அவ்வளவு நன்றாக வந்திருந்தன.

நூலகத்தின் படிவத்தில் இரண்டு கட்டம் இருந்தது. பல்கலைக்கழகத்துக்குள் மட்டும் வாசிக்கலாம், அல்லது எவரும் வாசிக்கலாம். இரண்டாவதில் அடையாளம் போட்டேன். யோசிக்கவேயில்லை. தொண்ணூறு பக்கம் எழுதியவளுக்கு எவரும் வாசிக்கட்டுமே என்றுதானே இருக்கும்.

நல்ல புள்ளி கிடைத்தது. அவள் எனக்குக் கேக் வாங்கிக்கொண்டு வந்தாள்.

"எனக்குக் காட்டேல்லையே," என்றாள்.

"பிரெஞ்சில தொண்ணூறு பக்கம். உன்ர சோதனை முடியட்டும் எண்டு விட்டனான்."

"சரி, லீவில வாசிக்கிறன்." கேக்கை வெட்டினாள்.

அடுத்த கோடையில் அவளுக்குப் பட்டமளிப்பு. அப்பாவும் அம்மாவும் வருவதாக இருந்தது. அப்பா சுவிஸுக்கு வந்ததே இல்லை. அவருக்குக் காட்ட வேண்டியதை எல்லாம் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தாள். ஏரிப் படகு, மலை ரயில், பீலில் எங்கள் அம்மாவின் ஆட்டிறைச்சிக் கறி.

ஒரு நாள் மத்தியானம் பல்கலைக்கழகச் சாப்பாட்டுக்கூடத்து வெளிமேசைக்கு வரச் சொன்னாள். தட்டில் ஒன்றும் தொடவில்லை.

"அப்பா வரேல்ல."

"டிக்கெட் எடுத்தாச்சு எண்டாய்."

"எடுத்ததுதான். அவற்ற அட்டையை அந்த அலுவலகத்தில வாங்கி வச்சிருக்கினம். புதுப்பிக்கவாம். அது இல்லாமல் அங்க இருந்து வெளிக்கிட ஏலாது."

"எப்ப குடுப்பினமாம்?"

"சொல்லேல்ல. தேத்தண்ணிக்குக் கூப்பிட்டவையாம். நல்ல மரியாதையாம். மகள் சுவிஸில என்ன படிக்கிறா, ஆரோட பழகிறா, ஏரி வடிவோ எண்டு கேட்டவையாம். பேந்து, நீங்கள் தேர்தலுக்கு வீட்ட போறனீங்களோ எண்டு கேட்டவையாம்."

எல்லாரிடமும் கேட்கிற கேள்வியாக இருக்கும் என்றேன். இப்போது இறுகிய காலம்தானே, தீவுக்காரர் எல்லாரையும் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள் என்று வாசித்திருக்கிறேன் என்றேன். அவள் தன் போனை என் பக்கம் திருப்பினாள். தேடும் கட்டத்தில் மூன்று சொல் இருந்தது: நகரத்தின் பெயர், பொருளின் பெயர், வாக்கு. முதலாவதாக வந்திருந்தது என் ஆய்வு.

"பேர் போடேல்லத்தான்," என்றாள். "சொன்ன மாதிரியே."

அப்போது நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். என் வாயில் வந்தது வேறு.

"இது பிரெஞ்சில கிடக்கு. இதை ஆர் வாசிக்கப் போகினம்?"

"வாசிக்கவேணும் எண்டுதானே எழுதினாய்."

தட்டை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனாள். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன், அது எனக்கு நன்றாக வரும். இரண்டு கிழமையில் வேறொரு வீட்டில் அறை பார்த்துப் போய்விட்டாள். சுவரிலிருந்த கடதாசியை நான்தான் கழற்றினேன். ஆட்சிகளின் கொள்கை மாறும் என்பதைத்தான் அந்தக் கடதாசியில் ஒட்டி ஒட்டி ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆய்வை எழுதும்போது மட்டும், எழுதுகிற அன்றைக்கு இருந்த நிலைமை அப்படியே இருக்கும் என்று நம்பியிருக்கிறேன்.

அவர்கள் என் ஆய்வை வாசித்துத்தான் அவரைக் கூப்பிட்டார்களா என்பது எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அவருக்கும் தெரியவந்திராது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை என்றுதான் நினைக்கிறேன். அதுதான் நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது. வாசிக்கவில்லை என்று தெரிந்தால் ஆறுதல், வாசித்தார்கள் என்று தெரிந்தால் தண்டனை. எனக்கு இரண்டும் இல்லை.

நூலகத்தில் ஒரு பெண் பத்து நிமிடத்தில் ஆய்வுக் கோப்பை எவரும் திறக்காதபடி பூட்டித் தந்தா. வெளியே பரவிய பிரதிகளுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றா. என்ன பிரதி என்று முதலில் விளங்கவில்லை. பிறகுதான் ஆய்வின் பிரதி எங்கள் அப்பாவிடமும் இருப்பது நினைவுக்கு வந்தது. அடுத்த ரயிலில் பீலுக்குப் போனேன்.

"அப்பா, என்ர ஆய்வை ஆருக்கு அனுப்பினீங்கள்?"

கண்ணாடியைப் போட்டார். "ஒருத்தருக்கும் இல்லை. சொந்தக்காரருக்குத்தான்."

"எத்தினை பேர்?"

"கனடாக் குழு, பாரிஸ் குழு, லண்டன் குழு. கோயில் தொண்டர் குழு. ஊர்ச் சங்கம். பேந்து டிப்போவில ரெண்டு பேர், அவை கேட்டவை."

"டிப்போவில ஆர் அப்பா சீனாவைப் பற்றிக் கேட்டது?"

"கேக்கேல்ல. நான் சொன்னன், அவை ஓம் எண்டவை."

நிலைமையைச் சொன்னேன். அப்பாவின் முகம் மாறிவிட்டது. உடனே போனை எடுத்து ஒவ்வொரு குழுவுக்கும் குரலில் பதிந்து அனுப்பினார்: அன்பர்களே, என்ர மகளின்ர ஆய்வைத் தயவுசெய்து அழிச்சுப்போடுங்கோ, அதில ஒரு சிக்கல் இருக்கு. கால் மணித்தியாலம் ஆகவில்லை, போன் விடாமல் அடிக்கத் தொடங்கியது. என்ன சிக்கல், எந்தப் பக்கத்தில் சிக்கல், பிள்ளைக்கு ஏதும் பிரச்சினையோ. அதுவரை திறந்தும் பார்க்காதவர்கள் எல்லாரும் திறந்தார்கள். பிரெஞ்சு தெரியாதவர்கள் போனிலேயே மொழிபெயர்த்து வாசித்தார்கள்.

கனடாவிலிருந்து பெரியப்பா குரலில் பதில் அனுப்பினார். "தம்பி, இப்பதான் முழுக்க வாசிச்சு முடிச்சன். ஒரு சிக்கலும் இல்லையே. அந்த சைக்கிள்காரர் நல்ல கெட்டிக்காரன் என்ன? அங்க சாப்பாடு, இங்க வாக்கு."

அப்பா போனைக் கவிழ்த்து வைத்தார். அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டு நின்றவ.

"தொண்ணூறு பக்கம் எழுதியிருக்கிறாய் பிள்ளை," என்றா. "எல்லாருக்கும் அந்த மனிசன்தான் நினைவில நிக்குது."

அன்றும் மறுநாளும் அப்பாவும் நானும் மேசையில் எதிரெதிரே இருந்து ஒவ்வொருவராக எடுத்துக் கதைத்தோம். அழித்ததைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். சிலர் அனுப்பினார்கள். சிலர், அழித்துவிட்டோம் என்று கட்டைவிரலை மட்டும் அனுப்பினார்கள். லண்டனில் ஒருவர் அந்த மனிதர் வருகிற பக்கத்தை மட்டும் தமிழாக்கித் தன்னுடைய இணையத்தளத்தில் போட்டிருந்தார். தங்கச்சி, அதுதானே உயிரான இடம் என்றார். மூன்று தரம் கூப்பிட்டபிறகுதான் அதைத் தளத்திலிருந்து எடுத்தார். அப்பா தன் வாழ்க்கையில் இவ்வளவு பேரிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. எனக்குப் பதிலாக அவர் கேட்டுக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் இலக்கங்களை வாசித்துக்கொண்டிருந்தேன்.

பூட்டியது போதாது. ஆய்வின் பூட்டிய கோப்பும் பீடத்தின் பட்டியலில் பழைய சுருக்கத்தோடு நிற்கிறது. அந்தச் சுருக்கத்தில் நகரத்தின் பெயர் இருக்கிறது, பெருமைக்காக நானே போட்டது. அதை எடுக்க வேண்டுமென்றால் காரணம் எழுதி, திருத்திய பிரதி கொடுத்து, பீடம் ஒப்புக்கொள்ள வேண்டும். பேராசிரியரிடம் போனேன். அவர் முழுவதையும் கேட்டார், தானும் அவ்வளவு விவரம் கேட்டிருக்கக் கூடாது என்றார். பிறகு, அந்த மனிதர் இல்லாமல் நான்காம் அத்தியாயம் நிற்காது, புள்ளியை மறுபடி பார்க்கச் சொன்னாலும் சொல்வார்கள் என்றார். அதைப் பற்றிக் கவலையில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. கவலை இருக்கிறது. நான் விண்ணப்பித்திருக்கிற வேலைக்கு அந்தப் புள்ளியைத்தான் காட்டியிருக்கிறேன்.

பதினோரு வரியையும் எடுத்துவிட்டேன். எடுத்தபிறகு வாசித்தால் இன்னும் அவர் தெரிகிறார். கோப்பையைத் தூக்கிய விருந்து வேறொரு பக்கத்தில் இருக்கிறது. வாய், கை என்று அவர் சொன்ன பகிடி முன்னுரையில் இருக்கிறது. எது அவரைக் காட்டிக் கொடுக்கும், எது கொடுக்காது என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. எனக்கு வெறும் தகவலாகத் தெரிவது அவருடைய ஊரில் எல்லாருக்கும் தெரிந்த அடையாளமாக இருக்கலாம். அது தெரிந்தவள் ஒருத்திதான்.

மன்னிப்புக் கேட்டு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. மூன்றாவதாக, அட்டை கிடைத்துவிட்டதா என்று மட்டும் போனில் கேட்டு அனுப்பினேன். ஒரு வரி வந்தது: "இன்னும் இல்லை. வேலைக்குப் போய்வாறார்."

வேலைக்குப் போய்வருகிறார். அதை எத்தனை தரம் வாசித்தேனோ தெரியாது.

வியாழக்கிழமை முற்பகல் அவளுக்கு வகுப்பு இல்லை. இப்போது நான் திரும்பி வந்திருக்கிற பீலிலிருந்து ரயிலில் போய், மெட்ரோவில் ஏறி, அவளுடைய புது வீட்டு மணியை அடிக்கப்போகிறேன். முழு ஆய்வையும் ஒரு பக்க அச்சில், பெரிய எழுத்தில், இடைவெளி விட்டு எடுத்திருக்கிறேன். அவள் கதவைத் திறந்தால் உள்ளே போகக் கேட்க மாட்டேன். விளக்கம் சொல்ல மாட்டேன், அதுதான் கஷ்டமாக இருக்கப்போகிறது. நீ முதலே கேட்டது, இப்பதான் கொண்டுவாறன், வேண்டாததை எல்லாம் வெட்டு என்று சொல்லிக் கொடுப்பேன். எத்தனை பக்கம் மிஞ்சினாலும் வெள்ளிக்கிழமை அதைப் பீடத்தில் கொடுக்கிறேன். கதவைத் திறக்காவிட்டால் தபால்பெட்டிக்குள் போட இது தடிப்பு. வாசலில் வைத்துவிட்டு வரவும் மாட்டேன், யாராவது எடுத்து வாசிக்கக்கூடும். திரும்பக் கொண்டுவந்து, அடுத்த வியாழனும் போவேன்.